மூன்று சம்மனசுகள்

சவேரியார்துறை
4.11.1973

ஏலே நூஹு,

நலமா என்று கேட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை. இங்கே நலம் இருந்தால் அல்லவா உன் நலத்தைக் கேட்க! ஊர் விலக்கில், பஸ் ரோட்டு முனையில், நீ கட்டச் சொன்ன கயிறு இன்னும் அப்படியே கிடக்கிறது. இந்தக் கடிதத்தைக்கூடக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் தபால்காரரிடம் கொடுக்கப் போகிறேன். மனுஷன் கையை நீட்ட மாட்டார். குடைக்காம்பை நீட்டி, "இதுல மாட்டும்வே" என்பார்.

நீ சர்க்கார் ஹெல்த் இன்ஸ்பெக்டர், நான் ஊர்க் கமிட்டிச் செயலாளர். தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்து ஒரே பிரம்பால் அடி வாங்கினோமே, அதெல்லாம் எந்தக் கடலில் போய் விழுந்தது? காலரா வந்தது உண்மை. ஐப்பசி மழையில் கிணறு கெட்டு, நாலு பேரை வாரிக்கொண்டு போனது உண்மை. கயிறு கட்டினாய், சரி. கிணற்றில் பவுடர் போடச் சொன்னாய், சரி. விலக்கில் வரிசையாக நிற்கவைத்து ஊசி போட்டாய், கை வீங்கிக் கிடந்தோம், அதுவும் சரி. இன்னும் எத்தனை காலத்துக்கு?

பஸ் நிற்பதில்லை. மீன் வியாபாரி ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. கருவாடு போடலாம் என்றால் வெயில் இல்லை, மீன் புழுத்துப் போகிறது. சங்குகுளி தொடங்கப் போகிறது. எங்கள் ஆட்கள் தூத்துக்குடிக்கு வந்து கடலில் முங்கினால்தான் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். அவர்களையும் விட மாட்டேன் என்கிறாய். பக்கத்து வீட்டு ஜெபகனி சொல்லுகிறான், "காலரான்னா ரெண்டு நாள்ல முடிச்சிரும் அண்ணாச்சி, இந்தப் பட்டினிதான் நின்னு கொல்லுது." அவனுக்கு நீயே பதில் சொல்.

டிசம்பர் மூன்றாம் தேதி எங்கள் சவேரியார் திருவிழா. அதற்காவது ஹில்டா வர வேண்டாமா? பதினோரு வயது மகளைத் தூத்துக்குடிக் கன்னியர் விடுதியில் விட்டுவிட்டு, இங்கே பெற்றவர்கள் நாங்கள் இரண்டு பேரும் கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பூசை லீவுக்கும் வரவில்லை. பிளாரன்ஸ் தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் அழுகிறாள். "நூஹு அண்ணன் நெனச்சா ஒரு நிமிசத்துல தொறக்கலாமே. ஏன் தொறக்க மாட்டேங்காவ?" என்கிறாள்.

நானும் அதையேதான் கேட்கிறேன். திறந்துவிடு.

மரியான்


தூத்துக்குடி
8.11.1973

அன்புள்ள மரியானுக்கு,

ஆண்டவன் உங்கள் எல்லாருக்கும் சுகத்தைத் தரட்டும்.

திட்டு, உனக்கு உரிமை உண்டு. உத்தரவில் கையெழுத்துப் போட்டது மேலதிகாரிதான் என்று சொல்லி நான் தப்பிக்க மாட்டேன். நான் எழுதிக் கொடுத்ததில்தான் அவர் போட்டார்.

எனக்குப் பயம், மரியான். உன் ஊர்த் திருவிழா என்றால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வரும். ஒரே அண்டாவில் பொங்கி, ஒரே பந்தியில் அசனம் சாப்பிடுவீர்கள். நோய் ஒரு கைக்குள் ஒளிந்திருந்தால் போதும். உன் ஊரைக் காப்பாற்ற மட்டும் கயிறு கட்டவில்லை. வெளியே இருக்கிறவர்களுக்காகவும்தான் கட்டினேன்.

ஆனால் ஜெபகனி சொன்னது என் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறது. பட்டினி போட்டு ஒருவனைக் காப்பாற்றினேன் என்றால் அது காப்பாற்றியதா? வீட்டில் ஆயிஷாவிடம் கேட்டேன். "நீங்க அங்கன போயி ஒரு வாரம் பசியோட இருந்துட்டு வந்து சொல்லுங்க, கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் சங்கடம் இதுதான். ஊருக்குள் போய்ப் பார்க்க எனக்கு ஆள் இல்லை. ஊசி போடும் ஞானையா கயிற்றைத் தாண்ட நடுங்குகிறார். விலக்கில் நின்றபடியே, "எல்லாரும் சொகமா?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு சைக்கிளைத் திருப்புகிறார். அதை நம்பி நான் எதை எழுத? உன்னை நம்புவேன். யாராவது இறந்தால் உங்கள் கோயிலில் துக்கமணி அடிப்பீர்கள், வள்ளத்தில் இருக்கிறவனுக்கும் கேட்கும் என்று சொல்வாய் அல்லவா? அந்த மணி அடிக்காமல் இரண்டு வாரம் ஓடட்டும். ஓடினால் ஒரு வரி எழுது. நான் போய் மேலிடத்தில் வாதாடுகிறேன்.

ஹில்டா சுகம். ஆயிஷா ஞாயிறுதோறும் இடியாப்பம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். போன வாரம் உன் மகள் சொல்லி அனுப்பியது: "எங்க ஊருக் கயித்த அவுக்கலன்னா, மாமா சைக்கிள் காத்த நான் புடுங்கி விட்டுருவேன்." உன் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

நூஹு


சவேரியார்துறை
18.11.1973

ஏலே நூஹு,

நீ சொன்ன கெடு முடிந்தது. கல்லறைத் திருநாளுக்குப் பிறகு துக்கமணிக் கயிற்றை யாரும் தொடவில்லை. மணி அடிக்கிற கோயில்பிள்ளை ரோச் அண்ணாச்சியைக் கேட்டு, அவர் வாயால் சொல்லவைத்துத்தான் எழுதுகிறேன். "மணிநாக்குல செலந்தி வலை கட்டிட்டு, போயிப் பாரும்" என்கிறார்.

இனி உன் முறை. அந்தோணியம்மாள் வீட்டில் உலை வைக்கவில்லை. முருங்கைக்கீரையை அவித்துத் தின்று நாட்களைத் தள்ளுகிறார்கள். இளவட்டங்கள் இரண்டு பேர் கடல்வழியாகத் தப்பி வேம்பாருக்குப் போய், அங்கே கல்லெறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். நாங்கள் என்ன திருடர்களா?

கோயில் வேலையை நிறுத்தவில்லை. உன்மேல் அவ்வளவு நம்பிக்கை எனக்கு. சப்பரத்தைத் துடைத்து எண்ணெய் பூசியாயிற்று. கொடிமரத்துக்கு வர்ணம் அடித்தாயிற்று. நம் தெருவிலிருந்து மூன்று சம்மனசுகள் கிளம்பிப் போயின, அது ஒன்றுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மற்றபடி ஊர் சுகம்.

ஹில்டா வருவாள் என்று பிளாரன்ஸ் இப்போதே பாயை உதறிப் போட்டு வைத்திருக்கிறாள். அவளை ஏமாற்றிவிடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மரியான்


தூத்துக்குடி
22.11.1973

மரியான்,

நாளைக் காலை கயிற்றை அவிழ்ப்பார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அதிகாரி லேசில் சம்மதிக்கவில்லை. "திருவிழா முடியட்டுமே, நூஹு. பத்து நாளில் என்ன குடிமுழுகிப் போகும்?" என்றார். அந்தப் பத்து நாளும் அந்தோணியம்மாள் வீட்டில் முருங்கைக்கீரைதான் என்று சொன்னேன். "உமக்கு நிச்சயமாத் தெரியுமா, நோய் நின்னுட்டா?" என்றார். "மரியான் எழுதினால் அது கல்வெட்டு சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

திறப்பதில் உள்ள ஆபத்து எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மூடி வைத்திருக்கிறவனுக்கு ஒரு நாளும் பசிப்பதில்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது. அசனத்துக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். மீதிச் சோற்றை மறுநாளைக்கு வைக்காதீர்கள். இதை என் கட்டளை என்று ஊரில் சொல்.

மூன்று சம்மனசுகள் போனதாக எழுதியிருந்தாய். அதற்காக மனம் கலங்காதே. திருவிழாவுக்குள் புது மினுமினுப்போடு, தங்கச் சிறகோடு உன் ஊருக்கே திரும்பி வந்துவிடும். உன் சவேரியாருக்குப் பக்கத்தில் சப்பரத்தில் நிற்கும், பார்.

ஒன்றாம் தேதி சனிக்கிழமை ஹில்டாவை நானே பஸ் ஏற்றிவிடுகிறேன்.

நூஹு


(தபால் அட்டை)
தூத்துக்குடி
1.12.1973

மரியான், ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட்டுக்காக ஒரு மூக்குக்கண்ணாடிப் பெரியவரோடு சண்டை போட்டு ஜெயித்தாள். அம்மாவுக்கு என்று மக்ரூன் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "மாமா, நான் வாரதுக்குள்ள சைக்கிள்ல பெல் மாத்தி வைங்க" என்றாள். எட்டாம் தேதி அவளைத் திருப்பி அனுப்பு. பரீட்சை இருக்கிறது. நூஹு.


சவேரியார்துறை
12.12.1973

நூஹு,

உனக்குச் செய்தி வந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுதுகிறேன். ஹில்டா செத்துப்போனாள்.

அசனப் பந்தியில் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி ஊற்றினாள். நீ சொன்னபடி முதல் பந்திக்குக் கொதிக்கவைத்த தண்ணீர்தான். கூட்டம் பெருகியதும் யார் கொதிக்கவைத்தார்கள், யார் கிணற்றில் மொண்டார்கள், யாருக்குத் தெரியும்? மறுநாள் ஜெபகனி பெண்டாட்டி விழுந்தாள், அப்புறம் வந்த விருந்தாளிகள் இரண்டு பேர். புதன்கிழமை விடியற்காலை இவள், "அம்மா, வயிறு" என்றாள். மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. பஸ்காரன் ஏற்ற மாட்டேன் என்றான். வள்ளத்தில் போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்குப் பாய் விரித்தேன். தண்ணி, தண்ணி என்று கேட்டாள். கொடுக்கக் கொடுக்க வெளியே வந்தது. துறைமுக விளக்குக்கூடக் கண்ணில் படவில்லை, அவள் கை என் கைக்குள்ளேயே சில்லிட்டுப்போனது. வள்ளத்தைத் திருப்பினேன். கரையில் பிளாரன்ஸ் நின்றாள். வள்ளம் திரும்பி வருவதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நூஹு, நான் பைத்தியக்காரன் மாதிரி திற, திற என்று கேட்டேன். தகப்பன் கேட்கத்தான் செய்வான். நீ ஏன் திறந்தாய்? உனக்கு என்ன தெரியாதா? நம் தெருவில் மூன்று கைப்பிள்ளைகள் போனதை உனக்கு எழுதினேனே! எங்களுக்கு அது பல் முளைக்கிற பேதி. வருஷாவருஷம் இரண்டு மூன்று போகும், அழுதுவிட்டு வேலையைப் பார்ப்போம். நீ படித்தவன், காலராவையே உத்தியோகமாக வைத்திருக்கிறவன். மூன்று பிள்ளை போயிருக்கிறது என்று வாசித்த பிறகும் உன் கை எப்படி அதைத் திறக்கச் சொல்லி எழுதியது?

ஆறுதல் மட்டும் அழகாக எழுதினாய். அந்தோணியம்மாள் உன் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். போன பிள்ளைகளில் ஒன்று அவளுடையது. "எம் புள்ள தங்கச் செறகோட சப்பரத்துல வந்து நிக்கும்னு எழுதியிருக்காவளே! அந்தக் காயல்பட்டினத்து அண்ணனுக்கு உள்ள மனசு நம்ம ஆளுவளுக்கு இல்லியே" என்று அழுதாள். சப்பரம் தெரு சுற்றி வந்தபோது பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த மூன்று பேரும் வாசலில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் என் ஹில்டாவும் நின்று பார்த்தாள்.

அவளுக்குத் துக்கமணி அடித்தார்கள். ரோச் அண்ணாச்சி சிலந்தி வலையைத் துடைத்துவிட்டு அடித்தார். உனக்குக் கேட்டிருக்காது.

மரியான்


தூத்துக்குடி
16.12.1973

மரியான்,

உன் கடிதத்தில் "மூன்று கைப்பிள்ளைகள்" என்ற இடத்துக்கு வந்ததும் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. எந்தப் பிள்ளைகள்? எப்போது எழுதினாய்? பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். கைப்பிள்ளை என்ற சொல்லே இல்லை. அப்புறம் அந்தச் சம்மனசு என்ற சொல் கண்ணில் பட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உன் ஊர்ப் பக்கத்து நர்ஸ் ஞானசௌந்தரியிடம் கேட்டேன். அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்கள். "ஞானஸ்நானம் வாங்குன புள்ள ஏழு வயசுக்குள்ள போச்சுன்னா நாங்க செத்துட்டுன்னு சொல்ல மாட்டோம் சார். நேரா மோட்சந்தான். சம்மனசுன்னா தேவதூதன். சம்மனசு போச்சும்போம். துக்கமணி கெடையாது. திருவிழாவுக்கு அடிக்கிற சந்தோச மணிதான் அடிப்போம்."

யா அல்லாஹ்! நான் மரச் சம்மனசு என்று நினைத்தேன், மரியான். சின்ன வயதில் உன்னோடு திருவிழாவுக்கு வந்தபோது சப்பரத்தில் இரண்டு பக்கமும் சிறகு வைத்த பொம்மைகள் நின்றனவே, அவற்றை வர்ணம் பூசத் தூத்துக்குடிக்கு அனுப்பியிருக்கிறாய், நேரத்துக்கு வந்துசேருமோ என்று வருத்தப்படுகிறாய் என்று நினைத்தேன். தங்கச் சிறகு என்று எழுதியது அந்தப் பொம்மைகளுக்கு. அதை அந்தத் தாயிடம் வாசித்தாயா? மூன்று தடவையா? அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

நீ மறைக்கவில்லை. எனக்கு எழுதித்தான் இருந்தாய். எங்களில் ஒரு நாள் பிள்ளை மௌத்தானாலும் ஜனாஸா தொழுதுதான் அடக்குவோம். அதனால் மரணம் என்றால் எல்லா மரணத்துக்கும் உன் ஊர் மணி அடிக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டிருந்தாலும்கூட நீ ஒருவரும் இல்லை என்றுதான் எழுதியிருப்பாய். பாயில் யார் கிடக்கிறார்கள், பாலுக்கு அழுகிறது எது, அழாமல் கிடப்பது எது என்று நான் வந்து பார்த்திருக்க வேண்டும். ஞானையா நடுங்குகிறார் என்று எழுதினேனே, நான் மட்டும் அந்தக் கயிற்றைத் தாண்டினேனா?

ஹில்டாவை பஸ் ஏற்றியது என் கை. அந்தக் கையால் சோறு தின்ன முடியவில்லை. ஆயிஷா என்னோடு பேசுவதில்லை.

இதையும் உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கிறிஸ்துமஸ் வருகிறது. சங்குகுளிக்கு ஆள் போதவில்லை என்று மேலிடத்தில் நெருக்குகிறார்கள். மறுபடி கட்டிய கயிற்றை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். ஞானையா, "மணிச் சத்தம் கேட்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் இன்னும் எழுதவில்லை. நீ சொல்லாமல் எழுத மாட்டேன்.

விடுதியில் ஹில்டாவின் தகரப் பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் இருக்கிறது. அனுப்பட்டுமா? இல்லை, நானே கொண்டு வரட்டுமா? ஒரு நிமிஷம் எனக்காகக் கயிற்றைத் தூக்கினால் போதும். உன் முன்னால் வந்து நிற்கிறேன். நீ அடித்தாலும் சரிதான்.

நூஹு


சவேரியார்துறை
21.12.1973

நூஹு,

உன் கடிதத்தைப் பிளாரன்ஸுக்கு வாசித்தேன். "மரப் பொம்மைன்னா நெனச்சாவ?" என்றாள். சிரித்துவிட்டாள். ஹில்டா போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பை நிறுத்த முடியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அந்தோணியம்மாளிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவளுக்கு நீ எழுதியது எழுதியபடியே இருக்கட்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், வரவில்லை. உன்மேல் பழி என்று எழுதலாமா என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. என் பிள்ளை போய்விட்டாள், அவ்வளவுதான் தெரிகிறது.

நீ கேட்டதற்குப் பதில்: திறக்காதே.

வீடு வீடாக நானே போய்ப் பார்த்தேன். ஜெபகனி பெண்டாட்டி பிழைத்துக்கொண்டாள். ஆனால் பால் வற்றிப்போயிற்று. கைப்பிள்ளைக்கு யாரோ சீனித்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். முந்தாநாள் அது பேதியில் போய்விட்டது. ஊர் இந்தக் கோலத்தில் கிடந்ததால் அதற்கு ஞானஸ்நானம் தள்ளிக்கொண்டே போயிருந்தது. தலையில் தண்ணீர் ஊற்ற ஆள் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. ஞானஸ்நானம் இல்லாததால் அது சம்மனசும் இல்லையாம். துக்கமணியும் கிடையாது, சந்தோஷ மணியும் கிடையாது, கல்லறைத் தோட்டத்துக்குள் இடமும் கிடையாது. மதிலுக்கு வெளியே ஜெபகனி தானே குழி வெட்டினான். நான் மண்வெட்டி பிடித்தேன். ஆண் பிள்ளை. பெயர் வைக்கவில்லை. நீ எழுதிக்கொள்: காலராவில் ஒரு சாவு.

இன்னும் இரண்டு வீட்டில் பாயில் கிடக்கிறார்கள். இதையும், கயிறு கிடக்கட்டும் என்பதையும் நான் கோயில் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னேன். ரோச் அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்தார். "ஓம் புள்ள செத்துட்டுங்கதுக்காவ எம் பேரப்புள்ளையளப் பட்டினி போடுதியாலே? நீ மனுசனா?" என்றார். போன மாதம் உன்னிடம் நான் கேட்ட கேள்விதான் அது. அவர் கேட்டதும் நியாயம், அன்றைக்கு நான் கேட்டதும் நியாயம். என் வீட்டு அரிசியில் பாதியை எடுத்துக்கொண்டுபோய் அவர் வீட்டில் வைத்தேன். வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை. அதுவும் எத்தனை நாளைக்கு வரும்?

அரிசி அனுப்பு, நூஹு. சர்க்காரிடம் கேள், கிடைக்காவிட்டால் காயல்பட்டினத்துப் பெரிய வீடுகளில் போய்க் கேள், பள்ளிவாசலில் நின்று கேள். கயிற்றை அவிழ்க்காமல் அரிசி வர முடியாதா? நீ கட்டுவேன் என்றாய், நான் அவிழ் என்றேன். மாறி மாறி அதையே எழுதிக்கொண்டிருந்தோம். பசிக்கிறவனுக்குக் கயிற்றுக்கு மேலேயே சோற்றை நீட்டலாம் என்று நம் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லையே.

நீ வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. பிளாரன்ஸின் அண்ணன் மனுவேல் துட்டி கேட்க வந்து விலக்கில் நின்று கதறினார். அவரையே நான் விடவில்லை. உனக்காகத் தூக்கினால் அவர் என்னை என்ன நினைப்பார்?

ஹில்டா பெட்டி விஷயம். அனுப்பாதே. பிளாரன்ஸ் தன் கையால்தான் திறப்பேன் என்கிறாள். "வேற யாரும் தொறந்தா அவ வாசம் போயிரும்" என்கிறாள். நேற்று மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் தூத்துக்குடிக்கு நடந்தே போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். விலக்கில் ஓடிப்போய் மறித்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளயத்தான் பறிகுடுத்துட்டு நிக்கேன், பெட்டியப் பாக்கவும் விட மாட்டியா?" என்று என் நெஞ்சில் குத்தினாள். குத்தட்டும் என்று நின்றேன். பிறகு கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

பாயில் கிடக்கிறவர்கள் எழுந்து உட்காரட்டும். அதன்பிறகு நானே அவளைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். அதுவரை மழைத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்துப் பெட்டியை வை. யாரையும் அதைத் திறக்க விடாதே.

மரியான்